குடைன்னு மட்டும்தான் சொன்னேன்

ஒரு வார்த்தை சார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். குடை. அதுக்குப் போய், "தம்பி, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க"ன்னுட்டார் டாக்டர்.

கொஞ்சம் நகர்ந்துக்குறீங்களா? இல்ல, அவ்வளவு வேணாம், ஓரத்துல இடம் போதும். எனக்குக் கதவு தெரியணும். கூப்பிட்டா உடனே எந்திரிச்சுப் போகணும்ல.

நீங்களும் நரம்பு டாக்டரைப் பாக்கத்தான வந்திருக்கீங்க? கை நடுக்கமா? பரவாயில்ல சார், இதுல என்ன கூச்சம். எல்லாருக்கும் வயசானா ஒண்ணு வரத்தான் செய்யும். நல்ல டாக்டர்னுதான் சொல்றாங்க. நல்லவர்தான். ஆனா கூட வந்தவனை வெளிய அனுப்பலாமா? உள்ள இருக்கிறது எங்கம்மா சார். எழுபதைத் தாண்டிருச்சு. உடம்பெல்லாம் கொப்புளம். அதுக்கு என்ன தெரியும், என்ன சொல்லும்?

நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. டாக்டர் அம்மாகிட்ட மூணு வார்த்தை சொன்னார். தேங்காய், குடை, பஸ். மனசுல வெச்சுக்குங்க, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்னார். அப்புறம் ஊரு எது, எத்தனை புள்ளைங்கன்னு என்னமோ பேசினார். பேசிட்டு, "அந்த மூணு வார்த்தை என்னம்மா?"ன்னார். அம்மா தேங்காய்னு சொல்லுச்சு. அப்புறம் மின்விசிறியைப் பாத்துச்சு. என் சட்டைப் பித்தானைப் பாத்துச்சு. யாரா இருந்தாலும் யோசிக்கத்தான சார் செய்வாங்க? எனக்குத் தாங்கல. உதட்டை மட்டும்தான் அசைச்சேன். சத்தம் வந்துருச்சுபோல.

அம்மா சிரிச்சுச்சு. "இவன் சின்னப் புள்ளையிலேருந்தே இப்படித்தாங்க. பரீட்சையில பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்குடுத்துட்டு வாத்தியார்கிட்ட அடி வாங்கிட்டு வருவான்"னுச்சு. டாக்டரும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டேதான் வெளிய அனுப்பினார்.

நான் யாருக்கும் சொல்லிக்குடுத்ததில்ல சார். அடி வாங்கினது எங்க மாமா பையன். அம்மா சும்மா பேச்சுக்குச் சொல்லுச்சு.

யாரு வர்றது? சிஸ்டர். சரி, சரி.

நான் தனவேல். ஊரு துறையூர் பக்கம். அம்மா பேரு பவுனாம்பாள். எங்க ஊரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்சது. அப்பா இல்ல, நான் ஆறாவது படிக்கையிலேயே போயிட்டார். ஒரே புள்ளை. எங்க சொந்தத்துலயே முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சவன் நான்தான். பெருமைக்குச் சொல்லல. அதனால என்ன ஆச்சுன்னா, பேங்க்கோ தாலுக்கா ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, பேசுறது எப்பவும் நான்தான். அம்மா பக்கத்துல நிக்கும். "அவனுக்குத்தான் தெரியும், அவனைக் கேளுங்க"ன்னும். பழக்கம் அப்படி.

அதுவும் ஆஸ்பத்திரின்னா எனக்கு நல்லாவே தெரியும். சென்னையில மெடிக்கல் கோடிங் வேலை பாக்குறேன். அதாவது சார், அமெரிக்காவுல ஒருத்தர் டாக்டர்கிட்ட போனா, அந்த டாக்டர் எழுதின குறிப்பு எங்களுக்கு வரும். அதைப் படிச்சு, இந்த நோய்க்கு இந்த எண், இந்த வைத்தியத்துக்கு இந்த எண்ணுன்னு போடணும். அதை வெச்சுத்தான் அங்க இன்சூரன்ஸ்காரன் காசு குடுப்பான். தப்பாப் போட்டா நம்ம தலை உருளும். பயிற்சியில முதல் நாளே எங்க டிரெய்னர் சொன்னாங்க, டாக்டர் எழுதாதது நடக்காதது. நோயாளி வாய்ல சொல்லியிருக்கலாம், நமக்கே பாத்தாத் தெரியலாம், ஆனா டாக்டர் கையால எழுதலைன்னா அந்த நோய் இல்ல. நாங்க எண் போட மாட்டோம்.

அதான் எனக்குப் பதட்டமா இருக்கு. உள்ள அவர் என்ன எழுதுவாரோ.

இது மாசியில ஆரம்பிச்சது சார். வெறும் அரிப்புதான். கையெல்லாம், முதுகெல்லாம். ஃபோன்ல சொல்லுச்சு. நான் உடனே ஒரு களிம்பு பேரு சொல்லி வாங்கச் சொன்னேன். சோப்புத்தூள் ஒத்துக்காத கேஸு ஆயிரம் பாத்திருக்கேன், படிச்சிருக்கேன். சோப்பை மாத்துன்னேன். மாத்துச்சு. பங்குனி பொறந்ததும் கொப்புளம். சின்னது இல்ல சார், திராட்சைப் பழம் மாதிரி, விறைப்பா, உள்ள தண்ணி. உடையவும் உடையாது.

எங்க சித்தி, அம்மாவோட தங்கச்சி, தையல்நாயகின்னு பேரு, அடுத்த தெருவுல மாடு வெச்சிருக்கு. அது வந்து பாத்துட்டு, "ஆத்தா வந்திருக்கா"ன்னு வாசல்ல வேப்பிலையைச் சொருகிருச்சு. தாளிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, வெளியாளு வரக் கூடாது. நான் ஊருக்குப் போய் இறங்கினா வாசல்ல வேப்பிலை. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பிடுங்கி எறிஞ்சேன். "எந்தக் காலத்துல இருக்க சித்தி? எழுபது வயசுல எவளுக்கு அம்மை போட்டுச்சு?"ன்னேன். சித்தி விடுமா? "நீ சொன்ன களிம்பைத் தடவி ஒரு மாசமாச்சுடா பெரிய டாக்டரே. உன் களிம்புக்குப் போகாதது என் வேப்பிலைக்குப் போகலைன்னு ஏன் கத்துற?"ன்னுச்சு.

படிக்காதவங்ககிட்ட என்னத்தப் பேசுறது.

ஆனா ஒண்ணு, நான்தான் கூட்டிட்டு வந்தேன். இதே ஆஸ்பத்திரி, தோல் டாக்டர். ஒரு அம்மா. ரொம்பப் பொறுமை. எங்கெங்க கொப்புளம் இருக்குன்னு கேட்டாங்க. கையிலயும் முழங்காலுக்குக் கீழயும்தான் மேடம்னேன். அவங்க எங்கம்மாவைத் திரைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயிட்டு வந்து, "வயித்துலயும் தொடையிலயும்தான் தம்பி அதிகம். சில இடம் புண்ணாகியே போச்சு"ன்னாங்க. எனக்கு எப்படி சார் தெரியும்? அம்மா காட்டல. ஆம்பளைப் புள்ளைகிட்ட எப்படிக் காட்டும்? நானா கேக்க முடியும்? எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன்.

துளி தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ரெண்டாவது தடவை போனப்ப விளக்கினாங்க. நம்ம மேல்தோலையும் அடித்தோலையும் பசை மாதிரி ஒட்டி வெச்சிருக்கிற ஒரு புரதம் இருக்காம். உடம்புல இருக்கிற காவல்படை அதையே எதிரின்னு நினைச்சு அடிக்குதாம். ஒட்டு விட்டுப் போன இடத்துல தண்ணி கோத்துக்குது. அதான் கொப்புளம். தொத்தாது. சாமி குத்தமில்ல. நான் சித்திக்கு அங்கேருந்தே ஃபோன் போட்டுச் சொன்னேன். சித்தி, "அப்ப அந்தக் களிம்பு எதுக்கு?"ன்னுச்சு. வெச்சிட்டேன்.

அப்புறம்தான் அந்தத் தோல் டாக்டர் சும்மா இருக்காம ஒண்ணு கேட்டாங்க. "அம்மாவுக்கு ஞாபக மறதி ஏதாவது இருக்கா? நடை தள்ளாடுதா? பக்கவாதம் வந்திருக்கா?" நான், "எதுக்கு மேடம், இது தோல்தானே?"ன்னேன். அவங்க சொன்னாங்க, அதே மாதிரிப் புரதம் மூளையிலயும் இருக்கு. இந்தக் கொப்புள நோய் வர்ற வயசானவங்கள்ல, மத்தவங்களைவிட மறதி நோய், பக்கவாதம், நடுக்கம் இதெல்லாம் கூடுதலாப் பாக்குறோம். நிறையப் பேருக்கு அதுதான் முதல்ல வருது, தோல்ல கொப்புளம் பின்னாடி வருது. அதனாலதான் இது வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. அதனால கேட்டு வெச்சுக்கிறது எங்க கடமைன்னாங்க.

நான் உடனே சொல்லிட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். அம்மா ரொம்பத் தெளிவு."

அவங்க எங்கம்மாவைப் பாத்தாங்க. அம்மா என்னைப் பாத்துட்டு, "தம்பி சொன்னாச் சரிதாங்க"ன்னுச்சு.

யோசிச்சா சார், எங்க வேலையில இந்த ரெண்டும் ஒரே ஆளோட குறிப்புல வரும். வந்திருக்கு. எங்க எண் புத்தகத்துல தோல் நோய்க்கு ஒரு அத்தியாயம், மறதி நோய்க்கு வேற அத்தியாயம். பக்கத்துப் பக்கத்துல எண்ணைப் போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிருவேன். எவனோ ஒரு கிழவன், அமெரிக்காவுல. எனக்கென்ன தெரியும்.

என்ன சார்? ஏதோ சொல்ல வந்தீங்க. மறதி இருந்துச்சான்னுதானே? அதான் இல்லைங்குறேன். சித்தி சொல்லும். சித்தி சொல்றதை எல்லாம் எடுத்துக்க முடியுமா? ஒரு நாள் அம்மா காலையில குளிச்சு, கொண்டை போட்டு, நேரா பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுப்பைப் பத்த வெச்சிருச்சாம். வேலையை விட்டு எவ்வளவோ காலமாச்சு. இப்ப இருக்கிற சமையக்காரப் பொண்ணு வந்து, "என்னக்கா, என் வேலைக்கு வேட்டு வெக்கிறியா?"ன்னு சண்டை. அம்மா அந்தப் பொண்ணை, "லேட்டா வந்துட்டு வாய் வேறயா?"ன்னு ஏசியிருக்கு. இதுல என்ன சார் மறதி? பழக்கம். கால் தானாப் போகும்.

இன்னொரு நாள் கொண்டைக்கடலையை ஊற வெச்சிருக்கு. வீட்டுல இருந்த குடம், அண்டா, வாளி எல்லாத்துலயும். பள்ளிக்கூடத்துக்கே ஆகும். சித்தி தெருவுல வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுத்துச்சாம். "எங்க தெரு பூரா வயித்து உப்புசம்டா, உன் அம்மாவாலே"ன்னு ஃபோன்ல சிரிச்சுச்சு. சிரிச்சுட்டு அழுதுச்சு. நான் சொன்னேன், ஊருக்கே பொங்கிப் போட்ட கை சித்தி, அளவு அப்படித்தான் வரும்னு. அரிப்புல தூக்கமில்ல. தூக்கமில்லைன்னா யாருக்குத்தான் புத்தி நிலையா இருக்கும்? அதுக்கப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாங்க. அது குடுத்தாலும் சிலருக்கு மனசு ஒரு மாதிரி ஆகும். அந்த டாக்டரே சொன்னாங்க. நான் படிச்சும் பாத்தேன். எல்லாத்துக்கும் காரணம் இருக்கு.

மாத்திரையா? அதைச் சொல்லலைல்ல. அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக் கூடாது சார். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான் தினமும் ஃபோன் பண்ணுவேன். ஒரு நாள் விட்டதில்ல, சித்தியை வேணா கேளுங்க. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தூங்கினியா. போட்டேன்பா, போட்டேன்பான்னுதான் சொல்லும். ஆனியில ஒரு நாள் கொல்லையில மயங்கி விழுந்துருச்சு. ரத்த அழுத்தம் அதல பாதாளத்துக்குப் போயிருச்சு. தூக்கிட்டு வந்து சேத்தோம். பாத்தா, கொப்புளம் பழையபடி. மாத்திரையை நடுவுல நிறுத்திருச்சோன்னு டாக்டருக்குச் சந்தேகம். சித்தி வீட்டைத் தேடி, பிரிக்காத அட்டைங்களை எடுத்துட்டு வந்துச்சு.

மருந்துக்கடைக்காரன் கூடுதலா வெச்சிருப்பான். அப்படி நடக்கும் சார். நடக்காதா?

அதுக்கப்புறம்தான் தோல் டாக்டர் இங்க எழுதி அனுப்பினாங்க. "மறதி இருக்கான்னு நரம்பு டாக்டர் முறையாப் பாத்துடட்டும் தம்பி. இருந்துச்சுன்னா அவங்க தனியா இருக்கவே கூடாது. மாத்திரை அவங்க கையில இருக்கவே கூடாது. இன்னொரு தடவை விழுந்தா நாம காப்பாத்துவோம்னு சொல்ல முடியாது"ன்னாங்க.

இப்பப் புரியுதா சார், ஏன் குடைன்னு சொன்னேன்னு? அவர் மட்டும் எழுதிட்டார்னா, அம்மாவை வீட்டுல விட முடியாது. சித்திக்கு மாடு, கண்ணு, மருமக சண்டை. எந்நேரமும் இருக்க முடியாது. சென்னைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னா, நான் இருக்கிறது பெருங்குடியில, அஞ்சு பசங்க ஒரே ரூம்ல. வேலை வேற ராத்திரி ஷிஃப்டு. தனி வீடு பாத்தாலும், நான் வேலைக்குப் போயிட்டா அம்மா அந்தச் சந்துல யார்கிட்ட பேசும்? வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்தா, துறையூர்ல எவன் எனக்கு அமெரிக்காக்காரன் குறிப்பைக் குடுப்பான்? இந்த வேலைக்கு நான் எத்தனை இன்டர்வியூ ஏறி இறங்கினேன் தெரியுமா? அம்மாவுக்கே தெரியும். வேலை கிடைச்ச அன்னிக்கு, தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்தி, "என் மவன் வெளிநாட்டு டாக்டருங்களுக்குக் கணக்கு எழுதுறான்"னு சொல்லுச்சு.

நீங்க நினைக்கிறீங்க, இவன் தன் வசதிக்குப் பேசுறான்னு. இல்ல சார். அம்மாவும் வர மாட்டேன்னுதான் சொல்லுது. "என் வீட்டுல என் அடுப்பு இருக்கு, நான் எங்கயும் வரல"ன்னுது. அதுக்காகவும்தான் பேசுறேன். ரெண்டு பேருக்காகவும்தான்.

ஷ். கேளுங்க. உள்ள மாசம் கேக்குறார். இது தமிழ்ல என்ன மாசம்மாங்குறார். ஏன் பதில் வரல? அம்மாவுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு சார். பஞ்சாங்கமே அதுதான் எங்க தெருவுக்கு.

ஆடி! ஆடிம்மா!

அய்யய்யோ. சிஸ்டர் வர்றாங்க.

இல்ல சிஸ்டர். சும்மா, தெரியாம. இனிமே பேசல. சாரி சிஸ்டர். இங்கயே உக்காந்திருக்கேன்.

பாத்தீங்களா சார், "பரீட்சை உங்களுக்கா உங்கம்மாவுக்கா?"ன்னு கேட்டுட்டுப் போறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். ஆடின்னு எதிர்ல கோயில்ல பாட்டுப் போட்டுக் கத்துறான். இது ஒரு கேள்வியா?

இப்ப அம்மா குரல். "அய்யா, அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்க. புள்ளை காதுல விழுந்துரும்." ஏன் சாத்தணும்? எனக்குத் தெரியாம என்ன இருக்கு? சாத்துறாங்க. சாத்தினாலும் அது திரும்பத் திறந்துக்குது பாருங்க, கொண்டி பிடிக்கல.

கேக்குதா சார் உங்களுக்கு?

"எனக்கு மறந்து மறந்து போகுதுங்கய்யா. இந்தக் கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியிலேருந்தே. உலை வெச்சா அரிசி போட்டேனா இல்லையான்னு தெரியல. எதிர்ல வர்ற பொம்பளை சிரிப்பா, நானும் சிரிப்பேன். யாருன்னு தெரியாது. மாத்திரை போட்டேனான்னு நிஜமாவே தெரியலைங்கய்யா. ரெண்டு தடவை போட்டு எதாவது ஆயிருச்சுன்னான்னு பயந்துக்கிட்டு, போடாமயே விட்டுருவேன். அவன் கேட்டா போட்டேம்பேன். அவன் ஃபோன்ல கேக்குறது மாறாதுங்க. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தூங்கினியா. மூணுக்கும் ஆமா ஆமான்னா முடிஞ்சுது. வேற ஒண்ணு கேட்டிருந்தான்னா அன்னிக்கே மாட்டியிருப்பேன்."

டாக்டர் என்னமோ சொல்றார். மெதுவாச் சொல்றார். மகனுக்குத் தெரியணும்மாங்குறார்.

"நீங்க சொன்னா உங்ககிட்ட வாதாடுவான்யா. அமெரிக்காக்காரனுக்கே நோய் எழுதுறவன். நானே சொல்லிக்கிறேன். தையல்நாயகி வீட்டுலயே ஒரு ஓரமா இருந்துக்கிறேன், மாத்திரையும் அவ கையாலே வாங்கிக்கிறேன். அவன் வேலையை விட்டுட்டு வரக் கூடாது. அதை மட்டும் நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

கேட்டீங்களா சார்?

கேட்டீங்களா, எவ்வளவு கோர்வையாப் பேசுது? முன்னாடி நடந்தது, பின்னாடி நடந்தது, யார் கையில மாத்திரை, யார் வீட்டுல இருக்கிறது, எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கு. மறதி உள்ளவங்க இப்படிப் பேசுவாங்களா? நீங்களே சொல்லுங்க. சொல்லுங்க சார். நான்தான் கேக்குறேன்ல.



என்னது, உங்களுக்கு நடுக்கம் இல்லையா? சம்சாரத்தை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களா. சரி சார். நான்தான் தப்பா நினைச்சுட்டேன்.

என்னையா கூப்பிடுறாங்க? பவுனாம்பாள் கூட வந்தவங்க. ஆமா, நான்தான். போகணும். நான்தான் இவ்வளவு நேரமா உள்ள விடுங்க, உள்ள விடுங்கன்னு நின்னேன். போறேன். ஒரு நிமிஷம்.

அது அம்மா. அம்மாவே கூப்பிடுது, என் பேரைச் சொல்லி. சரியாத்தான் சொல்லுது.

"தனவேலு, உள்ள வாடா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மறந்து போறதுக்குள்ள வந்துரு."

வரேம்மா.

வந்துட்டேன்மா. சார், கொஞ்சம் காலை மடக்கிக்குங்க.